வண்டி எப்போது கத்துகிறது?

பழைய பிக்கப் வண்டியின் அடியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், பெரும்பாலோர் ‘எங்கேயிருந்து வருது?’ என்றுதான் தேடத் தொடங்குகிறார்கள். அதைவிட ‘எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது?’ என்ற கேள்வியே முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி. கியர் பாக்ஸ், ஜாயின்ட் ஷாஃப்ட், பின் ஹவுசிங் எல்லாம் ஒரே சேஸில் தொங்குகின்றன. இரும்பு வழியாகச் சத்தம் எங்கும் ஓடும். பின்சக்கர பேரிங் தேய்ந்தால் கேபினுக்குள் முனகல் கேட்கும். காதை நம்பிக் கியர் பாக்ஸைப் பிரித்துவிட்டால் கூலியும் போச்சு, சத்தமும் போகாது.

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்து வண்டிகளுக்கு ஒரு வசதி உண்டு. சிவகாசியிலிருந்து வேம்பக்கோட்டை வழியாகக் காகிதமும் அட்டையும் ஏற்றி வரும்போது நல்ல கனம். பட்டாசுப் பெட்டியோ தீப்பெட்டிப் பண்டலோ ஏற்றிப் போகும்போது தார்ப்பாய் முட்ட நிறைந்திருக்கும், எடை அவ்வளவு இராது. ஒரே சாலை, ஒரே வண்டி, இரண்டு எடை: இதைவிட நல்ல சோதனை எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. கனம் ஏறினால் பின் ஸ்பிரிங் பட்டைகள் தாழ்ந்து, ஷாஃப்ட்டின் கோணம் மாறும். கோணத்தில் சுழலும் ஒற்றைக் கிராஸ் (ஷாஃப்ட் முனையிலுள்ள யூனிவர்சல் ஜாயின்ட்), ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனைக் கிராஸ் அதைச் சரிக்கட்ட வேண்டும். அதனால் ஒரு எடையில் மட்டும் தலைகாட்டும் அதிர்வுக்கு, முதலில் கிராஸையும் சென்டர் பேரிங்கையும் பார்ப்பேன். மழைக்காலமென்றால் அதற்கும் முன்னால் ஷாஃப்ட்டைக் கழுவிவிடுவேன். ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்த கரிசல் சேறே அதிர்வு கொடுக்கப் போதும்.

எடைக்கு அடுத்தது பெடல். வண்டி நின்று, இன்ஜின் ஓடி, நியூட்ரலில் இருக்கும்போது கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸ் பேரிங். மிதித்தால்தான் வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங். ஓட்டத்தில், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதியும் விடும்போது இன்னொரு சுருதியுமாக ஊளையிட்டால் கிரவுன் பினியன் பக்கம் போகலாம். ஆனால் ஹவுசிங்கைத் திறக்குமுன் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பிரீதர் துளையைத் தூசி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் கசிந்து குறையும். வடித்த ஆயிலில் சாம்பல் நிறப் பசை இருப்பது வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக இரும்பு வந்தால் பல்லோ பேரிங்கோ போய்விட்டது. வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் கூடும் முனகல் வீல் பேரிங். தார்ச்சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு ஏறியதும் மாறுவது டயர். காலியான நேர்சாலையில், இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் உருட்டியும் சத்தம் தொடர்ந்தால் கோளாறு பின்னால்தான் என்பார்கள். முழு உண்மையில்லை, கியர் பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்ட்டும் அப்போது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் சந்தேக வட்டம் பாதியாகச் சுருங்கும்.

கைதேர்ந்த மெக்கானிக் காதாலேயே சொல்லிவிடுவாரே என்று கேட்கலாம். சொல்லுவார், அவரும் ‘கிளட்ச் மிதிச்சா நிக்குதா?’ என்று கேட்டுவிட்டுத்தான் சொல்லுவார். இன்னொரு வாதம் வலுவானது: கிராஸ் விலை குறைவுதானே, மாற்றிப் பார்த்துவிடலாமே? பொருள் மலிவுதான், கழற்றி மாட்டுவது அப்படியல்ல. இரு முனை யோக்குகளும் ஒரே வரிசையில் இருந்தால்தான் இரண்டு கிராஸும் ஒன்றையொன்று சரிக்கட்டும். அடையாளக் கோடு போடாமல் கழற்றி, ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளி மாட்டினால், இல்லாத அதிர்வு புதிதாக முளைக்கும். பிறகு பழி புதுக் கிராஸ் மேல் விழும். அடுத்து சென்டர் பேரிங், அடுத்து கியர் பாக்ஸ் மவுண்டிங் என்று செலவு நீளும். புறப்படும்போது ‘டங்’ என்று ஒரே ஒரு தட்டு மட்டும் கேட்டால் கிராஸைச் சந்தேகிப்பது நியாயம்தான். அப்போதும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, ஷாஃப்ட்டைக் கையால் அசைத்து ஆட்டம் எங்கே என்று பாருங்கள். யூ போல்ட் தளர்ந்திருந்தாலும் அதே தட்டுதான்.

தீபாவளி நெருக்கத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்பது ஊர்க்காரர்களின் நியாயமான முறையீடு. அந்த நெருக்கத்தில்தான் தள்ளிப்போடவும் கூடாது. ஓட்டத்தில் ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று சாலையில் குத்தினால் வண்டி கவிழலாம். மேலே இருப்பது பட்டாசு. எனவே கிராஸில் ஆட்டமோ சென்டர் பேரிங் ரப்பரில் கிழிசலோ கண்டால் லோடு ஏற்றாதீர்கள். சோதனைக்கும் பழுதுக்கும் காலி வண்டியையே கொண்டுபோங்கள். கனம் வேண்டுமென்றால் மணல் மூட்டை போதும். வெல்டிங், கேஸ் வேலைக்கு முன் தளத்தில் சிந்திய மருந்துத் தூளை ஈரத்துணியால் ஒற்றி அகற்றுங்கள். எந்தக் கியர், என்ன வேகம், லோடா காலியா, பெடல் மேலேயா கீழேயா என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, சாவியோடு மெக்கானிக் கையில் கொடுங்கள்.