விரல் தயங்கும் இடம்

கேள்வி: சிதம்பரத்திலிருந்தபடியே, கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர்கள் ஒரு செயலியைக் கையாளும் விதத்தை ஜூம் வாயிலாகப் பரீட்சிக்க இயலுமா?

பதில்: இயலும். அனுமதி பெற்றுப் பதிவு செய்துகொண்டு, “நாளைக்கு அலை எவ்வளவு உயரம், பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒரு காரியத்தை ஒப்படைத்துவிட்டு மௌனமாயிருங்கள். “பிடித்திருக்கிறதா?” என்று வினவினால், தாட்சண்யத்தால் “நல்லாயிருக்குங்க” என்றுதான் விடை வரும். திரையைப் பகிர்ந்தால் திரை மட்டுமே தெரியுமாகையால், விரல் தயங்கும் இடத்தைக் காண, வீட்டுப் பிள்ளை ஒருவன் மற்றொரு கைப்பேசியைப் பிடித்துக் காட்டுவது உத்தமம். இத்தகைய பரீட்சைக்கு ஐந்து பேர் போதுமென்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். ஆயினும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ போன்ற மீனவர் செயலிகள் ஈரக்கையோடு, கண்கூசும் வெயிலில், ஆடும் படகில் பிரயோகமாகின்றவை. அந்தச் சிரமம் ஜூமில் புலப்படாது. கடலூருக்குத்தான் அடிக்கடி பஸ் இருக்கிறதே!