படிவத்துக்குள் இருந்தும் படிவத்தில் சேராத பெட்டி

பழவேற்காட்டில் கரையேறும் மீனைப் பதிவு செய்ய ஒரு வலைப்படிவம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குப்பத்தின் பெயர், படகு எண், இறால் எத்தனை கிலோ. எடைப் பெட்டி பல பக்கங்களில் தேவைப்படும் என்று அதை மட்டும் வெப் காம்பொனென்ட்டாக்கி, ஷேடோ டாமுக்குள் மூடிவைக்கிறீர்கள். சப்மிட் அழுத்தினால் குப்பமும் படகும் சர்வருக்குப் போகும். எடை போகாது. பிழைச் செய்தியும் வராது.

நம்பிக்கை: ஃபார்ம் டேகுக்குள் இருப்பதெல்லாம் ஃபார்மோடு போகும்.

உண்மை: பழவேற்காடு ஏரிக்கரையில் குடியிருப்பதால் மட்டும் ஒருவருக்குப் பாடு, அதாவது முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமை, கிடைத்துவிடாது; தலைக்கட்டுக் கணக்கில், அதாவது ஊரின் உறுப்பினர் பட்டியலில், பெயர் இருக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான். இன்புட் தன் ஃபார்மைத் தேடி மேலே ஏறும்போது ஷேடோ ரூட்டோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருப்பது வேறு மரம். அதனால்தான் உள்ளிருக்கும் இன்புட்டில் என்டர் தட்டினாலும், உள்ளேயே ஒரு சப்மிட் பட்டன் வைத்தாலும் வெளி ஃபார்ம் அசையாது. வெளியே உள்ள லேபிள் உள்ளே இருக்கும் ஐடியைக் காணாது. நாட்டுப்படகு, விசைப்படகு என்ற இரண்டு ரேடியோ பட்டன்களைத் தனித்தனிக் காம்பொனென்ட்டில் வைத்துப் பாருங்கள்: பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் தேர்வு செய்யலாம்!

நம்பிக்கை: வெளியே ஒரு ஹிட்டன் இன்புட் வைத்து மதிப்பை நகலெடுப்பதுதான் ஒரே வழி.

உண்மை: ஒரு காலத்தில் அதுதான் வழி. 2019-இல் க்ரோம் 77, 2022-இல் ஃபயர்ஃபாக்ஸ் 98, 2023 மார்ச்சில் சஃபாரி 16.4 என எல்லா முக்கிய பிரௌசர்களுக்கும் எலிமென்ட் இன்டர்னல்ஸ் என்ற வசதி வந்துவிட்டது. கிளாஸில் ஃபார்ம் அசோசியேட்டட் என்பதை ட்ரூ ஆக்கி, அட்டாச் இன்டர்னல்ஸை அழைத்து, செட் ஃபார்ம் வேல்யூவில் மதிப்பைக் கொடுத்தால் காம்பொனென்ட்டே ஃபார்மின் உறுப்பாகிவிடும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வெளி டேகில் நேம் இல்லையென்றால் அந்த மதிப்பும் போகாது. ரெக்வயர்டு என்று எழுதினால் மட்டும் சோதனை நடக்காது, செட் வேலிடிட்டியை நீங்களே அழைக்க வேண்டும். ஃபார்மை ரீசெட் செய்யும்போது பெட்டி காலியாக வேண்டுமானால் ஃபார்ம் ரீசெட் கால்பேக் எழுத வேண்டும். இத்தனையும் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி: அந்த இன்புட்டை உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டுமா? ஸ்லாட் வழியாக வெளியிலிருந்து கொடுத்தால் அது வெளி மரத்திலேயே இருக்கும், ஃபார்மோடு போகும், லேபிளும் வேலை செய்யும். சிறிய படிவங்களுக்கு என் ஓட்டு இதற்கே.

நம்பிக்கை: உள்ளே நடக்கும் நிகழ்வுகள் ஒன்றும் வெளியே தெரியாது.

உண்மை: பாதி தெரியும். இன்புட் ஈவென்ட் எல்லையைத் தாண்டும், சேஞ்ச் ஈவென்ட் தாண்டாது. தாண்டி வருவதும் காம்பொனென்ட்டின் பெயரில்தான் வரும். சேஞ்ச் வேண்டுமென்றால் காம்பொனென்ட்டிலிருந்து நீங்களே மறுபடி அனுப்ப வேண்டும்.

நம்பிக்கை: ஷேடோ ரூட்டை க்ளோஸ்டு மோடில் வைத்தால் உள்ளே தட்டும் பாஸ்வேர்டு பத்திரம்.

உண்மை: விசைப்பலகை நிகழ்வுகள் எல்லையைத் தாண்டுபவை. பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் டாக்குமென்ட்டில் கீடவுனைக் கவனித்தால், க்ளோஸ்டு பெட்டிக்குள் தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தும் அதற்குக் கிடைத்துவிடும்.