சொல்லை மாற்றினால் போதுமா?

கேள்வி: திருச்சுழி திருமேனிநாதர் கோயில் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதுகிறேன். புத்தகத்தில் உள்ளதைச் சொல் மாற்றி எழுதினாலும் திருட்டா?
– மாணவி, அருப்புக்கோட்டை

பதில்: ஆதாரம் சொல்லாவிட்டால் திருட்டுத்தான். சுந்தரர் அந்தத் தலத்தைப் பாடியது ஊரறிந்த செய்தி, சான்று வேண்டாம். கல்வெட்டு வாசகம் அப்படியல்ல. யாரோ வெயிலில் நின்று படியெடுத்துப் படித்த உழைப்பு அது. அவர் பெயர், நூல், பக்கம் மூன்றையும் குறிப்பெடுக்கும்போதே எழுதி வையுங்கள். பிறகு தேடினால் சிக்காது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோள் இந்தக் கணக்கில் வராது. சொல்லை மாற்றி, ஒப்புமை பார்க்கும் மென்பொருளை ஏமாற்றலாம் என்று நினைக்காதீர்கள். வாய்மொழித் தேர்வுக்கு வரும் பேராசிரியர் அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பார்.