கணக்கு வேலையில் இருக்கவா, கிளம்பவா? கைகொடுக்கும் குறிப்புகள்

சம்பளமும் ஏறாமல், வேலையும் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கிற கட்டம் அக்கவுண்டன்ட் இருக்கும் பல வீடுகளில் வருகிறது. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள் தோழிகளே, தோழர்களே.

1. டியூ டேட் நெருக்கடியில் முடிவெடுக்காதீர்கள். 7-ம் தேதி டிடிஎஸ், 11-ல் ஜிஎஸ்டிஆர்-1, 15-ல் பிஎஃப், 20-ல் 3பி என்று ஓடும்போது யாருக்கும் வேலை கசக்கத்தான் செய்யும். 3பி போட்டு முடித்த பிறகும் அதே கசப்பு இருந்தால் யோசியுங்கள்.

2. போன வருடம் புதிதாகக் கற்றுக்கொண்ட வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். வவுச்சர் என்ட்ரி, பேங்க் ரீகன்சிலியேஷன் தாண்டி ஒன்றும் எழுத வரவில்லையா? தேங்கியிருப்பது அந்த நாற்காலிதான். கணக்குத் தொழிலையே வெறுக்க வேண்டாம்.

3. சம்பளம் கேட்பதற்கு முன் புது வேலை கேளுங்கள். பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டிஆர்-9, பேலன்ஸ் ஷீட் ஃபைனலைசேஷன், இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த மார்ச் கணக்கு முடிப்பு வரை பார்த்தும் தரவில்லையென்றால் வேறு இடம் தேட ஆரம்பிக்கலாம்.

4. தொழிலை விடுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள், செலவில்லாத வழி இதுதான். ஆடிட்டர் ஆபீஸில் சலித்தவருக்குத் திருப்பூர் ஏற்றுமதி கம்பெனியில் ரீஃபண்ட், டியூட்டி டிராபேக் என்று புது உலகமே இருக்கிறது. கோவை ஃபவுண்டரிகளில் ஜாப் ஒர்க் கணக்கு, ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் பில்லிங் என்று ஒவ்வொரு இடமும் வேறு வேறு பாடம்.

5. ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் சேர்ந்த தேதியைப் பாருங்கள். நிரந்தர வேலையில் கிராஜுவிட்டிக்கு 5 வருட சர்வீஸ் வேண்டும். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 26 நாளை மாதமாக வைத்துக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 20,800 ரூபாய் என்றால் வருடத்துக்கு 12,000, ஐந்து வருடத்துக்கு 60,000. சில மாத அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

6. பிஎஃப் பணத்தை எடுக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 5 வருடத்துக்குள் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. பென்ஷனுக்கோ 10 வருட சர்வீஸ் வேண்டும். மாற்றினால் பழைய வருடங்களும் சேர்ந்தே ஓடும்.

7. புது ஆஃபரில் சிடிசி தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் கம்பெனி கட்டும் பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் கலந்திருக்கும். கைக்கு வரும் தொகையிலிருந்து சென்னை வாடகை, பஸ், ஹோட்டல் சாப்பாடு எல்லாம் கழித்து, மீதியை ஊரில் இப்போது மிஞ்சுவதோடு ஒப்பிடுங்கள்.

8. பாதியில் நிற்கும் சிஏ இன்டர் உங்களை உறுத்துகிறதா? இப்போது தேர்வு வருடத்துக்கு மூன்று முறை வருகிறது. பதிவு காலாவதியாகவில்லையா என்று முதலில் பார்த்துவிட்டு, ஒரு குரூப்புக்கு மட்டும் கட்டுங்கள்.

9. கம்பெனி மெடிக்ளைம் வேலையோடு போய்விடும். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால் தனி பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டு. ஆகவே கையில் சம்பளம் வரும்போதே போட்டுவிடுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவையும் தனியாக ஒதுக்கிவிட்டால் கிடைத்த வேலையில் ஓடிப்போய் விழ வேண்டியிருக்காது.

10. கிளம்பும்போது ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் போர்ட்டல்களில் உங்கள் மொபைல் நம்பர் இருந்தால் கட்டாயம் மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓடிபி கேட்டு போன் வந்துகொண்டே இருக்கும், நோட்டீஸ் செய்தியும் உங்களுக்கே வரும். பாஸ்வேர்டு, டேலி பேக்கப் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கி, ரிலீவிங் லெட்டரோடு வெளியே வாருங்கள்.

11. நிதியாண்டின் நடுவே மாறினால் பழைய சம்பளம், பிடித்த வரி விவரத்தைப் புதுக் கம்பெனியில் கொடுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கழிவு போட்டால் வருடக் கடைசியில் வரி மொத்தமாக வந்து நிற்கும்.

12. பொருள் வராமலே போலி பில்லுக்கு என்ட்ரி போடச் சொல்கிறார்களா? அங்கே கிராஜுவிட்டி, போனஸ் எதற்கும் காத்திருக்க வேண்டாம். விசாரணை வந்தால் என்ட்ரி போட்டவரையும் கூப்பிடுவார்கள். வீட்டில் அன்றைக்கே பேசிவிட்டு உடனே கிளம்பிவிடுங்கள்.