கண்ணாடிக் கல் அணிகலன்கள்: வடிவமும் கணக்கும்

அறுவடை முடிந்து களம் ஓய்ந்த பின்னர், நம் சிற்றூர்களில் பல குடும்பங்களுக்குக் கைக்கு வேலை இராத மாதங்கள் உண்டு. அம்மாதங்களில் வீட்டிலிருந்தவாறே செய்யத்தக்க உபதொழில் யாது என்று ஊராட்சி உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கும்போது, அடிக்கடி எழும் பெயர்களுள் ஒன்று அணிகலன் செய்தல். வண்ணக் கண்ணாடிக் கற்கள் பதித்த வளையல், ஜிமிக்கி, கழுத்தணி ஆகியவற்றைத் திருமணக் காலத்திலும் திருவிழாக்களிலும் பெண்கள் விரும்பி வாங்குகின்றனர். பெரிய இயந்திரம் வேண்டுவதில்லை, முதலும் சிறிதே. ஆதலின் இது மிக எளிய தொழில் என்று எண்ணி இறங்குவோர் பலர்.

கல்லை ஒட்டும் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆயினும், வடிவம் அமைக்கவும் கணக்குப் பார்க்கவும் அறிந்தாலன்றி, அது கூலி தரும் தொழிலாக அமையாது. இவ்வுண்மையை நாம் கற்றது ஒரு தவற்றின் வாயிலாகத்தான். ஆகவே முதலில் அதனையே கூறுவோம்.

ஒரு சிற்றூரின் அனுபவம்

நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் மகளிர் சுய உதவிக் குழுவினர் பன்னிருவர், பட்டு நூல் சுற்றிக் கல் பதித்த வளையல்கள் செய்ய முன்வந்தனர். மூன்று நாள் பயிற்சிக்கு நாம் ஏற்பாடு செய்தோம். குழுவினர் கடன் பெற்றுப் பொருள்கள் வாங்கி, எழுபது ஜோடி வளையல்கள் செய்து நகரத்து வணிகர் ஒருவரிடம் கொடுத்தனர். ஒரு மாதத்திற்குள் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. சிலவற்றில் கற்கள் உதிர்ந்திருந்தன. சிலவற்றில் கல்லைச் சுற்றி வெண்படலம் படர்ந்து ஒளி மங்கியிருந்தது.

செய்தி அறிந்து நாம் அச்சிற்றூருக்குச் சென்று கணக்கேட்டைப் பார்த்தோம். திரும்பி வாராத வளையல்களிலும் இலாபம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழுவின் மூத்த உறுப்பினரான அம்மையார் ஏட்டை மூடி வைத்துவிட்டு, “ஐயா, கல்லுக்குக் கணக்கு எழுதினோம், நூலுக்கும் எழுதினோம்; எங்கள் கைக்கு எழுத மறந்துவிட்டோமே!” என்றார்.

எந்தப் பசை எதற்கு உரியது என்பதையும், விலையை எவ்வாறு கட்டுவது என்பதையும் நாம் ஏற்பாடு செய்த பயிற்சி கற்பிக்கவில்லை. அக்குறை நம்முடையதே. வேறொரு சிற்றூரில் அது மீண்டும் நிகழாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

கல்லை அறிதல்

கண்ணாடியால் அணி செய்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டு அகழாய்வில் பண்டைக் காலத்துக் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில், சிவப்பும் பச்சையுமான கற்களைப் பதித்துக் கோயில் நகைகள் செய்யும் கலை இன்றும் உள்ளது. அந்நகைகள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன.

பட்டை தீட்டிய வெண்ணிறக் கண்ணாடிக் கல்லை மேனாட்டார் ரைன் கல் என்பர். ரைன் ஆற்றங்கரையில் கிடைத்த பளிங்குக் கற்களால் வந்த பெயர் இது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரில் வாழ்ந்த ஸ்ட்ராஸ் என்னும் பொற்கொல்லர், ஈயம் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம் போல் ஒளிரச் செய்து புகழ் பெற்றார். 1892இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி என்பவர் கண்ணாடிக் கல்லைப் பட்டை தீட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே இக்கற்கள் ஒரே அளவில் பெருந்தொகையாகக் கிடைக்கலாயின.

கல்லின் அடிப்புறத்தில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூசுவது போன்று ரசம் பூசப்பட்டிருக்கும். மேலிருந்து புகும் ஒளி அந்த ரசத்தில் பட்டுத் திரும்புவதாலேயே கல் மின்னுகிறது. ரசம் கீறினாலும், ஈரம் புகுந்தாலும், பொருந்தாத பசை பட்டாலும் கல் கறுத்துப் போகும். ஆகவே கல்லைக் கையால் அள்ளலாகாது. மெழுகு முனையுள்ள குச்சியால் மேற்புறத்தைத் தொட்டு எடுக்க வேண்டும்.

கடையில் கண்ணாடிக் கல்லையும் பிளாஸ்டிக் கல்லையும் கலந்து விற்பதுண்டு. கன்னத்தில் வைத்தால் கண்ணாடி சில்லென்றிருக்கும். பிளாஸ்டிக் அவ்வாறு இராது. ஊசியால் கீறினால் பிளாஸ்டிக்கில் கோடு விழும். இவ்விரண்டு சோதனைகளையும் செய்யாமல் பணம் கொடுத்தல் கூடாது.

பசையும் பாதுகாப்பும்

நொடியில் ஒட்டும் பசை அவசரத்துக்கு உதவும், அணிகலனுக்கு உதவாது. அதன் ஆவி கல்லைச் சுற்றி வெண்படலமாகப் படியும். காய்ந்த பின் அது கண்ணாடி போல் இறுகி நிற்பதால், நூல் நெகிழும்போது கல் பெயர்ந்து விழும். நமது ஒன்றியத்துக் குழுவினர் பயன்படுத்தியது இப்பசையையே.

நூலின் மீது ஒட்டுவதற்கு, காய்ந்த பின்னும் ரப்பர் போல் நெகிழ்ந்து கொடுக்கும் நகைப் பசை ஏற்றது. உலோகத்தின் மீது ஒட்டுவதற்கு, இரு குழாய்களிலிருந்து சம அளவாக எடுத்துக் கலக்கும் எபாக்சி பசை உறுதியானது. எதுவாயினும் ஒரு முழு நாள் காய்ந்த பின்னரே பெட்டியில் இட வேண்டும். உலோக நகங்கள் கல்லைப் பற்றி நிற்குமாறு பதிப்பது எல்லாவற்றினும் உறுதி. ஆனால் அதற்குப் பயிற்சி மிகுதியாக வேண்டும்.

வேலை செய்யும் அறையில் காற்றோட்டம் இருத்தல் இன்றியமையாதது. கற்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதால் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வேலை முடித்துக் கை கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும்.

வடிவம் அமைத்தல்

வடிவம் என்பது பிறவியிலேயே வரும் திறன் என்று சிலர் தயங்குகின்றனர். அதில் பெரும்பகுதி அளவும் எண்ணிக்கையுமே ஆகும். ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம்.

இரண்டு ஆறு என்னும் அளவுள்ள வளையலின் உள்விட்டம் ஏறத்தாழ 60 மி.மீ. நூல் சுற்றிய பின் அதன் வெளிப்புறத்தை ஒரு நூலால் சுற்றி அளவுகோலில் வைத்துப் பார்த்தால், சுமார் 202 மி.மீ. இருக்கும். 4 மி.மீ. கல்லை 1 மி.மீ. இடைவெளி விட்டு வைத்தால், ஒரு கல்லுக்கு 5 மி.மீ. ஆகிறது. எனவே வளையலுக்கு 40 கற்கள் பொருந்தும். ஒரு சிவப்பு, மூன்று வெள்ளை என்று நான்கு நான்காக வைத்தால், பத்து முறை திரும்ப வந்து வட்டம் குறையின்றி முடியும். அளவு பாராமல் தொடங்கினால், முடியும் இடத்தில் ஒரு கல் குறையும் அல்லது மிகும். வாங்குவோர் கண் முதலில் அவ்விடத்தில்தான் நிற்கும்.

இக்கற்கள் குரோஸ் கணக்கில், அதாவது 144 கற்களாக விற்கப்படுகின்றன. மேற்கூறிய வடிவத்தில் ஒரு ஜோடிக்குச் சிவப்பு 20, வெள்ளை 60. ஒரு குரோஸ் சிவப்பும் மூன்று குரோஸ் வெள்ளையும் வாங்கினால், ஏழு ஜோடிகள் முடிந்து சிவப்பில் 4, வெள்ளையில் 12 மிஞ்சும். அவை பழுதான கற்களுக்கு ஈடாகும். இவ்வாறு வாங்கும் கல்லுக்கேற்ப வடிவத்தை அமைத்தால் பெட்டியில் பணம் உறங்காது.

வண்ணம் இரண்டு அல்லது மூன்றுக்கு மேற்படாதிருத்தல் நலம். ஒட்டும் முன்னர்க் கற்களைக் கட்டத்தாளில் பரப்பிப் பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் பார்க்க வேண்டும். பகலில் அழகாகத் தோன்றும் கருநீலம், மஞ்சள் விளக்கின் கீழ்க் கறுப்பாகத் தெரியும். திருமண வீடுகளில் அணிவதோ பெரும்பாலும் விளக்கொளியில். மாங்காய், அன்னம், தாமரை முதலிய நம் கோலத்து வடிவங்களை எடுத்தாள்வது நன்று. கோலத்தில் புள்ளி வைத்துப் பழகிய கைக்குக் கல் வைப்பது அயலான வேலையன்று.

விலை கட்டுதல்

இனிக் கணக்கைப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். முறையை விளக்கவே இவ்வெண்களைக் கொள்கிறோம்.

ஏழு ஜோடி வளையல்களுக்குக் கல் ரூ.160, வளையல் ரூ.70, பட்டு நூல் ரூ.70, பசையும் பெட்டியும் ரூ.120, ஆக ரூ.420 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடிக்குப் பொருட்செலவு ரூ.60. வணிகர் ரூ.90 தருகிறார் என்றால் முப்பது ரூபாய் இலாபம் என்று தோன்றும். ஆனால் ஏழு ஜோடி செய்ய ஒருவருக்கு ஒரு முழு நாள் ஆகிறது. அந்நாளின் கூலி ரூ.350 எனின், ஜோடிக்கு ரூ.50. பழுதுக்கு ரூ.5, போக்குவரத்துக்கு ரூ.10 சேர்த்தால் அடக்கவிலை ரூ.125. ஆகவே ரூ.90க்கு விற்பவர் ஜோடிக்கு ரூ.35 இழக்கிறார். அவ்விழப்பு பணப்பையில் தெரிவதில்லை. அவர் தம் உழைப்பிலிருந்து கொடுத்துவிடுகிறார்.

“வீட்டு வேலைக்கிடையே செய்வதுதானே, அதற்கு ஏது கூலி?” என்று குடும்பத்து ஆடவர் கேட்பதுண்டு. தம் வயலில் தாமே உழுத உழவர், அதற்குக் கூலி சேர்க்காமல் நெல்லின் அடக்கவிலையைக் கூற ஒப்புவாரா? வளையலுக்கும் அதே நியாயம்தான்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பொகிமியாவிலுள்ள கப்லோன்ஸ் நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட கண்ணாடி அணிகலன் தொழிலாளர்கள், ஜெர்மனியில் கௌபாய்ரன் நகருக்கு அருகே 1946 முதல் குடியேறினர். வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று தகர்க்கப்பட்டுக் கிடந்த இடத்தில் தம் தொழிலை மீண்டும் நிறுவினர். அவ்விடம் இன்று புதிய கப்லோன்ஸ் என்றே வழங்குகிறது. பலரும் ஓரிடத்தில் கூடிக் கண்ணாடி வேலை, உலோக வேலை, விற்பனை என்று பகிர்ந்து செய்ததே அவர்களுக்கு வலிமையாயிற்று.

நம் ஊராட்சிகளும் அவ்வழியில் சில செய்யலாம். பயனின்றிக் கிடக்கும் பொதுக் கட்டடத்தில் காற்றும் வெளிச்சமும் உள்ள ஓர் அறையை ஒதுக்கலாம். இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து மொத்தமாகப் பொருள் வாங்கத் துணை நிற்கலாம். ஊர்த் திருவிழாவில் குழுவினருக்கு ஒரு கடை இடம் தரலாம். மாவட்டத் தலைநகரங்களிலுள்ள பூமாலை வணிக வளாகத்தில் நேரடியாக விற்பதற்கு மகளிர் திட்ட அலுவலகத்தை அணுகலாம். பயிற்சி கேட்டு எழுதும்போது, பசை, அளவு, விலை ஆகிய மூன்றும் பாடத்தில் உண்டா என்று கேட்டுப் பெற வேண்டும்.

மேற்கூறிய குழுவில் ஐவர் விலகிவிட்டனர். எஞ்சிய எழுவரும் அடுத்த முறை இருபத்தொரு ஜோடி மட்டுமே செய்தனர். ஒவ்வொன்றையும் ஒரு நாள் காய வைத்து, கல்லை நகத்தால் நெம்பிப் பார்த்த பின்னரே விற்றனர். ஒரு ஜோடியும் திரும்பி வரவில்லை. வணிகர் ரூ.90க்குக் கேட்டபோது கொடுக்க மறுத்து, திருவிழாக் கடையில் தாம் கட்டிய விலைக்கே விற்றனர். பழைய கடனில் ஒரு பகுதி இன்னும் நிலுவையில் உள்ளது. ஆயினும் அவர்கள் கணக்கேட்டில் கல், நூல், பசை என்னும் வரிகளுக்குக் கீழே, ‘கைக்கூலி’ என்று ஒரு வரி இப்போது இருக்கிறது. தொழில் தொடங்க எண்ணும் ஒவ்வொரு குழுவும் தன் ஏட்டில் அவ்வரியை முதல் நாளே எழுதிக்கொள்ளுமாறு ஊராட்சி உறுப்பினர்கள் எடுத்துக் கூறுவார்களாக.