கன்று நொண்டினால் முதலில் தொப்புளைப் பாருங்கள்



நம்மில் பலர் குழுக் கடன் வாங்கிக் கறவை மாடும் ஆடும் வளர்க்கிறோம். மாடு கன்று போட்டதும் பாலைப் பற்றித்தான் முதலில் நினைக்கிறோம். ஆனால் பிறந்த கன்றுக்கு முதல் நாளில் நாம் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உறுப்பினரின் அனுபவமே பாடம்.

அவருடைய மாடு கிடேரிக் கன்று போட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பத்தாம் நாள் கன்று ஒரு காலை ஊன்றாமல் நொண்டியது. "தாய் மாடு மிதிச்சிருக்கும், எண்ணெய் தடவு, சரியாப் போயிடும்" என்றார் மாமியார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சூடு போடச் சொன்னார். ஐந்து நாள் இப்படியே போயிற்று. அதற்குள் மூன்று மூட்டுகள் வீங்கிவிட்டன. கன்று எழுந்து பால் குடிக்கவில்லை.

டாக்டர் வந்தார். காலைப் பார்ப்பதற்கு முன் கன்றைப் படுக்க வைத்துத் தொப்புளைத் தொட்டுப் பார்த்தார். கட்டை விரல் தடிமனுக்கு வீங்கி, ஈரமாக, நாற்றம் அடித்தது. "கால்ல அடி எதுவும் படலம்மா. தொப்புள் வழியா கிருமி ஏறி மூட்டுல சீழ் கட்டியிருக்கு. நொண்டின அன்னைக்கே கூப்பிட்டிருக்கலாமே" என்றார். கன்று பிழைத்தது. ஆனால் முன்னங்கால் முட்டி மடங்கவில்லை. மாட்டுக் கடன் அடைந்துவிட்டது. அடுத்த பசுவாக வர வேண்டிய கிடேரிதான் நின்று மேய முடியாமல் போய்விட்டது.

கிருமி மூட்டுக்கு எப்படிப் போகிறது?

வயிற்றுக்குள் இருக்கும்போது தொப்புள் கொடியிலுள்ள ரத்தக் குழாய் வழியாகத்தான் கன்றுக்கு உணவு போகிறது. பிறந்ததும் கொடி அறுந்துவிடும். ஆனால் அது காயும்வரை திறந்த கதவு மாதிரிதான். சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் கன்று படுத்தால் கிருமி அதன் வழியே ஏறி ரத்தத்தில் கலந்து, மூட்டில் தங்கிச் சீழ் வைக்கிறது. அந்தச் சீழ் மூட்டிலுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பை அரித்துவிடும். அரித்த பிறகு எந்த ஊசி போட்டாலும் மூட்டு பழைய நிலைக்கு வராது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

கன்று மட்டுமல்ல, வெள்ளாட்டுக் குட்டி, செம்மறிக் குட்டி, குதிரை, கழுதைக் குட்டிகளுக்கும் இது வரும்.

முதல் நாள் வேலை இரண்டு

1. தொப்புளுக்கு மருந்து. கொடி தானாக அறுந்து, ரத்தம் வராமல் இருந்தால் வெட்ட வேண்டாம். நீளமாகத் தொங்கினால் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே புது பிளேடால் வெட்டுங்கள். சிறு கிண்ணத்தில் டிஞ்சர் அயோடின் ஊற்றிக் கொடி முழுவதும் நனையும்படி முக்குங்கள். காலை, மாலை என மூன்று நாள் செய்யுங்கள். சாணம், சாம்பல் எதுவும் வைக்கக் கூடாது. கன்று படுக்கும் இடத்தில் காய்ந்த வைக்கோல் போட்டு, நனைந்தால் மாற்றுங்கள்.

2. நேரத்தோடு சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடும். கன்றுக்கு அப்படி இல்லை. சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். அந்தச் சக்தியைக் குடல் உறிஞ்சிக்கொள்வது முதல் ஆறு மணி நேரத்தில்தான் அதிகம். ஒரு நாள் ஆனால் ஏறக்குறைய நின்றுவிடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் கொடுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளில் வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். மூன்று நான்கு தடவையாகக் கொடுக்கலாம். இரண்டு கிலோ ஆட்டுக்குட்டிக்கு 200 மில்லி.

"நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் மடியில கை வைக்கணும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இது தவறு. நஞ்சுக்கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் கன்றின் நல்ல நேரம் போய்விடும். கன்று ஊட்டினால் கருப்பை சுருங்கும். நஞ்சுக்கொடி விழவும் அது உதவும். அக்கம்பக்கத்தாருக்குச் சீம்பால் கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் முதல் பங்கு கன்றுக்கு, மிச்சம்தான் மற்றவர்க்கு.

தினமும் தொட்டுப் பாருங்கள்

நல்ல தொப்புள் ஒரு வாரத்தில் காய்ந்து சுருங்கிவிடும். முதல் ஒரு மாதம் இவற்றைக் கவனியுங்கள்:

- தொப்புள் தடித்து, சூடாக, ஈரமாக இருத்தல். தொட்டால் கன்று துள்ளுதல்
- காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து படுத்தல்
- முட்டியோ கணுவோ வீங்கிச் சூடாக இருத்தல், நொண்டுதல்

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். தூக்கிப் போக முடியாவிட்டால் 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். டாக்டர் எத்தனை நாள் ஊசி சொல்கிறாரோ அத்தனை நாளும் போட வேண்டும். இரண்டு ஊசியில் கன்று எழுந்து நடந்தாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. வீக்கத்தைக் கீறுவது, பிதுக்குவது, சூடு போடுவது மூன்றும் வேண்டாம். சூடு தோலைத்தான் சுடும். உள்ளே இருக்கும் கிருமியை ஒன்றும் செய்யாது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யார் யார் வீட்டு மாடு, ஆடு இந்த மாதம் ஈனப் போகிறது?
2. அவர்கள் வீட்டில் டிஞ்சர் அயோடின், நூல், புது பிளேடு தயாராக இருக்கிறதா? இல்லையென்றால் குழுவே ஒரு பாட்டில் வாங்கி வைக்கலாமா?
3. சீம்பால் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

ஒரு சின்ன பாட்டில் மருந்தும் ஒரு மணி நேரக் கவனமும் போதும். இன்று பிறந்த கிடேரி நாளைக்கு நம் வீட்டுப் பசு.