பலகை ஏன் மேலே பறந்தது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. திண்டிவனத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் சின்னச் சின்ன மர வேலைகள் செய்வது வழக்கம். அக்கா மகளுக்கு நடைவண்டி செய்யலாம் என்று புதுச்சேரியில் ஒரு பழைய டிஸ்க் சாண்டர் வாங்கினேன். பத்து அங்குலத் தட்டு. மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டியிருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மரத்தை இடது பக்கம்தான் வைக்க வேண்டும் என்றார்கள், அப்படியே வைத்தேன். வைத்த மாத்திரத்தில் துண்டு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே பறந்து கூரைத் தகரத்தில் அடித்தது. முகமெல்லாம் தூள். அன்று சாக்கு போட்டு மூடியவன் இன்னும் திறக்கவில்லை. அம்மா, 'விரல் போனால் திரும்ப வருமா, விற்றுவிடு' என்கிறார். நான் செய்த தவறு என்ன? இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
- மு. செ., ஒலக்கூர்

பதில்: அன்புத் தம்பி, இயந்திரத்தை விற்க வேண்டாம். உங்கள் கை தவறு செய்யவில்லை. துண்டு மேலே பறந்தது, தூள் முகத்தில் அடித்தது என்று நீங்கள் எழுதிய இரண்டு விஷயங்களும் ஒரே காரணத்தைத்தான் காட்டுகின்றன. உங்கள் தட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. சரிசெய்யக்கூடிய கோளாறுதான் இது. அம்மாவிடமும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

டிஸ்க் சாண்டர் (உப்புத்தாள் ஒட்டிய வட்டத் தட்டைச் சுழலவிட்டு மரத்தைத் தேய்க்கும் இயந்திரம்) பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும்படிதான் அமைக்கப்படும். தட்டுக்கு நேரே நின்று பார்த்தால் இடது பாதி மேலிருந்து கீழே இறங்கும், வலது பாதி கீழிருந்து மேலே ஏறும். இறங்குகிற பாதியில் மரத்தை வைத்தால் தட்டே அதை மேசையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். உங்கள் கை வழிகாட்டினால் போதும். தூளும் கீழே உள்ள குழாய் வாய்க்குள் போய்விடும். ஏறுகிற பாதியில் வைத்தால் மரத்தைத் தூக்கி எறியும், தூளை முகத்தில் வீசும். விற்றவர் இடது பக்கம் என்றது சரியான யோசனைதான். ஆனால் உங்கள் இயந்திரத்தில் ஏறுகிற பாதி இடது பக்கம் வந்துவிட்டது.

அது எப்படி மாறியது? வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்குள் இரண்டு காயில்கள் உண்டு. ஒன்று ரன்னிங் காயில் (தொடர்ந்து ஓட்டுவது), மற்றது ஸ்டார்ட்டிங் காயில் (எந்தப் பக்கம் சுற்றுவது என்று முதல் தள்ளு கொடுப்பது). ஸ்டார்ட்டிங் காயிலின் இரு முனைகளும் இடம் மாறிவிட்டால் மோட்டார் அதே பலத்தோடு மறுபக்கம் சுற்றும். காயில் கட்டுகிறவர் தட்டு இல்லாமல் மோட்டாரை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்திருப்பார். சத்தம் சீராக இருக்கிறது, சூடாகவில்லை, வேலை முடிந்தது என்று கொடுத்திருப்பார்.

என் கணிப்பை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். தட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு தடித்த கோடு போடுங்கள். தட்டுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று சுவிட்சைப் போட்டு உடனே அணையுங்கள். தட்டு ஓய்ந்து நிற்கப்போகும் கடைசிச் சுற்றுகளில் அந்தக் கோடு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். வலது பக்கம் இறங்கினால் காயில் கடைக்குக் கொண்டுபோய்ச் சுற்றும் திசையை மாற்றித் தரச் சொல்லுங்கள். முனைகள் வெளியே எடுத்து விடப்பட்டிருந்தால் சிறிது நேரத்து வேலை. நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம். கண்டன்சரில் (மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் உருளை) பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இந்தத் தட்டுக்குள் எவ்வளவு வேகம் அடங்கியிருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டாரின் தகட்டில் 1440 என்று இருந்தால் நிமிடத்துக்கு 1440 சுற்று. பத்து அங்குலத் தட்டின் விளிம்பு அப்போது மணிக்கு ஏறத்தாழ 69 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. உங்கள் ஊர் வழியாகச் சென்னைக்கு ஓடும் பேருந்தின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் அதில் பாதி, நட்ட நடுவில் வேகமே இல்லை. அதனால் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் தேயாது. இறங்கும் பாதிக்குள்ளேயே மரத்தை லேசாக முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். பலகையின் பரந்த முகத்தை இதில் தேய்க்கவே கூடாது, அதற்கு இழைப்புளி இருக்கிறது. பலகையின் முனை, சரிவு, வளைவு, இவைதான் இந்த இயந்திரத்தின் வேலை.

அடுத்தது மேசை. மேசையின் விளிம்புக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேசையைச் சரித்து வேலை செய்துவிட்டு நிமிர்த்தும்போதெல்லாம் இந்த இடைவெளி மாறிவிடும். மூலைமட்டத்தை வைத்துச் செங்கோணம் பார்க்கும் அதே நேரத்தில் இதையும் பார்த்துவிட வேண்டும். இடைவெளி அகன்றிருந்தால் தட்டு மெல்லிய துண்டைக் கீழே இழுத்துச் செருகிக்கொள்ளும். அதைப் பிடித்திருக்கும் விரலும் கூடவே போகும்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. கோவையில் ஒரு வார்ப்பாலையின் பேட்டர்ன் ஷாப்பில் (வார்ப்புக்கான மர மாதிரி செய்யும் பிரிவு) நான் வேலை கற்றேன். மாதிரிகளுக்குச் சரிவு தேய்க்க அங்கே நாள் முழுவதும் டிஸ்க் சாண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். 24 வயதில் தீப்பெட்டி அளவு துண்டு ஒன்றைக் கையால் பிடித்துத் தேய்த்தேன். துண்டு இடைவெளிக்குள் போனது தெரிந்தது. அடுத்த கணம் வலது ஆள்காட்டி விரலின் நுனித் தோலும் பாதி நகமும் இல்லை. கத்திவெட்டு என்றால் தைக்கலாம். இது சதையைத் தேய்த்து எடுத்துவிடுகிறது, தைப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆற இரண்டு மாதமானது. இன்றும் குளிர் நாளில் அந்த நுனி மரத்துப்போகும்.

ஆகவே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த எதையும் வெறும் கையில் பிடிக்காதீர்கள். நீளமான பலகையின் முனையைத் தேய்த்து முடித்துவிட்டு, பிறகு துண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். அப்படி முடியாதபோது சின்னத் துண்டை இருபக்கமும் ஒட்டும் டேப்பால் ஒரு பெரிய கட்டையில் ஒட்டி, அந்தக் கட்டையைப் பிடியுங்கள்.

நடைவண்டிச் சக்கரத்துக்கு ஒரு நல்ல வழி உண்டு. கையால் உருட்டித் தேய்த்தால் சக்கரம் கோணும், சில நேரம் தானே சுழன்று பிடுங்கிக்கொள்ளும். ஒரு ஒட்டுப்பலகையை மேசைமேல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அதில், இறங்கும் பாதிக்கு நேரே, தலை வெட்டிய ஆணி ஒன்றை நிறுத்துங்கள். தட்டிலிருந்து ஆணி வரையுள்ள தூரம்தான் சக்கரத்தின் ஆரம். அச்சுத் துளையை அந்த ஆணியில் மாட்டிச் சக்கரத்தை மெல்லச் சுற்றினால், மேடு மட்டும் தேய்ந்து நான்கு சக்கரம் என்றாலும் ஒரே அளவாக வரும். விரல்கள் தட்டுக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பிலேயே இருக்கட்டும்.

உடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன உடுத்தியிருப்போம் என்று எனக்குத் தெரியும். லுங்கியும் தோளில் துண்டும் இதன் முன் ஆகாது. மணிக்கட்டில் கட்டிய சாமிக்கயிறு, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கையுறையும் வேண்டாம், அது விரலைக் காப்பதுபோலத் தெரிந்தாலும் தட்டில் சிக்கினால் கையையே உள்ளே இழுக்கும். ஓடும் இயந்திரத்தின் அருகே போய் வேலை செய்பவர் இறுக்கமான உடை அணிய வேண்டும், அதை முதலாளி வாங்கித் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். உங்கள் கொட்டகையில் முதலாளியும் நீங்கள்தான், தொழிலாளியும் நீங்கள்தான்.

சுவிட்ச் விஷயம் நம் ஊர்ப்பக்கத்துக்கு மிகவும் முக்கியம். தேய்த்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது. சுவிட்சை அணைக்க மறந்து காப்பி குடிக்கப் போய்விடுகிறோம். திரும்ப மின்சாரம் வரும்போது யாரும் இல்லாத கொட்டகையில் தட்டு சுழலத் தொடங்கும். அக்கா மகள் அங்கே விளையாடிக்கொண்டிருந்தால்? கிணற்று பம்ப்செட்டின் ஸ்டார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் போனால் அது தானே விழுந்துவிடும். மறுபடி பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும். அதே வகையில் ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கும் கிடைக்கிறது. வாங்கிப் பொருத்துங்கள். எர்த் ஒயர் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அணைத்த பிறகும் தட்டு சிறிது நேரம் சத்தமில்லாமல் சுற்றும். நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கிட்டே போக வேண்டும்.

மரம் எங்கே வாங்குகிறீர்கள்? இடித்த வீட்டுக் கதவு, நிலை என்றால் நல்ல தேக்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால் உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். தட்டு ஆணியில் பட்டால் உப்புத்தாள் கிழியும், பொறியும் பறக்கும். அந்தப் பொறி குழாய் வாயில் மாட்டிய தூள் பைக்குள் விழுந்தால் வெளியே தெரியாமல் புகைந்து, நீங்கள் தூங்கப் போன பிறகு பற்றிக்கொள்ளும். காந்தம் ஒன்றைப் பலகை முழுதும் தடவிப் பார்த்துவிட்டு வையுங்கள், பையை அன்றன்றே கொட்டிவிடுங்கள். பழைய பெயின்ட் அடித்த மரத்தை இதில் தேய்க்கவே வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு ஈயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழந்தைக்காகச் செய்யும் வண்டிக்கு அந்த மரம் எதற்கு?

தம்பி, நீங்கள் விரலைப் பற்றித்தான் கேட்டீர்கள். எனக்கு அதைவிடக் கவலை தூளைப் பற்றி. விரலுக்கு வரும் ஆபத்து சத்தம் போட்டு வருகிறது, ஒரே நாளில் பாடம் கற்றுக்கொள்கிறோம். தூள் அப்படி இல்லை. காலடியில் குவியும் தூளால் பெரிய கெடுதல் இல்லை. வெயில் கீற்றில் மிதப்பதுபோல் தெரிகிறதே, அதுவும் அதைவிட நுண்ணியதாகக் கண்ணுக்கே தெரியாததும்தான் மூக்கு, நெஞ்சுவரை போகும். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. அந்த வட்டாரத்து மரவேலைக்காரர்களுக்கு மூக்கின் உட்புறத்தில் அரிதான ஒரு புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் வருவதை 1960களில் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் கவனித்தார்கள். 1995இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்து பட்டியலில் சேர்த்தது. பயப்படாதீர்கள், அவர்கள் பல ஆண்டுகள் நாள் முழுவதும் தூளில் நின்றவர்கள். வாரம் ஒரு நாள் வேலை செய்யும் உங்களுக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. ஆனால் தும்மல், இழுப்பு, தோல் அரிப்பு சீக்கிரமே வரலாம். தேக்கும் ஈட்டியும் சிலருக்கு ஒத்துக்கொள்வதே இல்லை.

கொட்டகையில் இரண்டு பக்கமும் காற்று போகட்டும், காற்று உங்கள் முதுகிலிருந்து தட்டை நோக்கிப் போகும்படி நில்லுங்கள். குழாய் வாயில் ஒரு வாக்குவம் கிளீனரின் குழாயைப் பொருத்த முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முகத்தில் துண்டைக் கட்டுவது போதாது. என்95 அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையும் எஃப்எஃப்பி2 என்ற எழுத்தும் உள்ள முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்தவுடன் கவசத்தைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கிறோமே, அங்கேதான் எல்லாத் தூளும் மறுபடி எழும்பி மூக்குக்குள் போகிறது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், கவசம் கடைசிவரை இருக்கட்டும்.

கண்ணாடியும் போட வேண்டும், பக்கவாட்டிலும் மூடியதாக. அப்படியும் கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டால் கசக்காதீர்கள். துணி முனையால் எடுக்க யாரையும் விடாதீர்கள், தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியமும் வேண்டாம். சுத்தமான நீரால் கழுவுங்கள். உறுத்தல் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய் 'மரத்தூள் விழுந்தது' என்று வாய் திறந்து சொல்லுங்கள். நம் பகுதியில் பயிர், மரம் பட்ட கருவிழிக் காயத்தில் பூஞ்சை பிடிப்பது சகஜம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து முதல் இரண்டு நாள் சிவப்பைக் குறைக்கும், உள்ளே பூஞ்சையை வளரவிடும். பார்வையே போனவர்கள் உண்டு. திண்டிவனம் அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கையில் தோல் உரிந்தால் காப்பித்தூளையோ மஞ்சளையோ அப்பாதீர்கள். ஓடும் நீரில் மணலும் தூளும் போகும்வரை கழுவி, சுத்தத் துணி சுற்றிக்கொண்டு போய் டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள்.

சாக்பீஸ் கோடு எந்தப் பக்கம் இறங்கியது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இடது பக்கமே இறங்கினால் என் கணிப்பு தவறு. வேறு காரணம் தேட வேண்டும். அப்போது மேசை இடைவெளியை அளந்து அந்த அளவையும், பறந்த துண்டின் நீள அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள். பதில் வரும்வரை சாக்கு அப்படியே கிடக்கட்டும்.